வலி மட்டும் போதுமாம் அவர்களுக்கு

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கட்டாயம் படிக்கவேண்டிய பத்துப் புத்தகங்கள். ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவதுக்கு என்னிடம் வந்தார்கள். "தலித் புத்தகம் ஒன்னு சொல்லுங்க தோழர். நல்லா வலியோட இருக்கணும். படிச்சா கண்ணுல தண்ணி வரணும்." மற்ற ஒன்பது பேரும் வெறும் எழுத்தாளர்கள். பத்தாவது ஆள் மட்டும் தலித்தாக இருந்து எழுதவேண்டும், அழவும் வைக்கவேண்டும். அரசாங்கமே பதினெட்டு சதவீதம் கொடுக்குதே, நீங்க பத்தோட நிறுத்திட்டீங்களே என்று நாக்கு வரைக்கும் வந்தது. மார்ச் கணக்கு முடிப்பில் வங்கியில் மூச்சுவிட நேரமில்லாத சமயம். "ஏப்ரல் முடியட்டும், சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த ஏப்ரல் முழுக்க, கவுண்டரை மூடிவிட்டு வந்த ராத்திரிகளில், அவர்கள் கேட்ட அந்த 'ஒன்னு' எது என்று தேடித்தான் படித்தேன்.

முதலில் 'கருக்கு'. எனக்கு இது மூன்றாவது வாசிப்பு. 1992இல் வந்த இந்தப் புத்தகத்தைப் படித்ததாகச் சொல்லும் யாரைக் கேட்டாலும் ஒரே காட்சியைத்தான் சொல்கிறார்கள்: பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கைபடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிப்போவது. உச்சுக் கொட்டுகிறார்கள், மூடிவைக்கிறார்கள். கன்னியர் மடத்துக்குள் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாமா பிட்டுப்பிட்டு வைத்திருக்கிறாரே, அந்தப் பக்கங்கள் எங்கே போயின? அது வலி இல்லை, குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுக்குக் கண்ணீர் விட முடியாது, பதில்தான் சொல்லவேண்டும். 1994இல் வந்த 'சங்கதி'யை இவர்கள் பேசுவதே இல்லை. அதில் நம் பெண்கள் வைகிறார்கள், கேலி பேசுகிறார்கள், குலவை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். வீட்டுக்குள் அடிக்கிற நம் ஆம்பளைகளையும் அது விடவில்லை. நாமும் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப்போவதற்குக் காரணம் அதுதான், மறைப்பானேன்.

ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) படித்துக்கொண்டிருந்தபோது மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரர் எடுத்துப் புரட்டினார். "உங்க ஆளுங்க எழுதுனதா சார்?" என்றார். அவர் வாசிக்கிற நாவல்களை நான் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. கிறித்தவ தலித்துக்குச் சலுகை இல்லை என்பதால் வேலைக்காகத் தாளில் இந்துவாக மாறுகிறவனின் கதை அது. பக்கத்துக்குப் பக்கம் எள்ளல். தன்னையே நக்கல் செய்துகொண்டு, அந்தச் சாக்கில் மதத்தையும் அரசையும் சேர்த்து உரிக்கிறார். வாசித்துவிட்டு நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிக்கிற தலித்தை என்ன செய்வதென்று இவர்களுக்குத் தெரியாது. கே.ஏ. குணசேகரனின் 'வடு' (2005) அளவில் சிறியது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். இளையான்குடி முஸ்லிம்களிடம் காணாத தீண்டாமையை அக்கம்பக்கத்துக் கிராமங்களில் அவர் கண்ட விதத்தைக் கவனித்துப் படியுங்கள்.

வட்டத்தின் ஒன்பதில் ஒன்று இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்'. 1975இல் வந்து 1977இல் சாகித்திய அகாதெமி வாங்கியது. மறுபடி படித்தேன். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி நெல் கூடக் கேட்டார்கள், செங்கொடிச் சங்கத்தை விட மறுத்தார்கள். நாவல் என்ன செய்கிறது? பண்ணையாரின் ஆண்மைக் குறைபாட்டைத் தோண்டிக்கொண்டு போகிறது. எரித்தவனுக்கு மனோதத்துவம், எரிந்தவர்களுக்குக் கும்பல் காட்சி! 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து இலக்கியம் அவர்களுக்கு ஒரு நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்தது. படிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. கையில் பென்சிலோடு படியுங்கள்.

இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' 1939இல் வந்தது. மெல்லிசுப் புத்தகம், நம் தன்வரலாறுகளில் முன்னோடி. அதில் ஒப்பாரியைத் தேடினால் ஏமாந்துபோவீர்கள். 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்திய மனுஷன். மனு, மாநாடு, வட்டமேசை, லண்டன் என்று நிமிர்ந்து எழுதிக்கொண்டு போகிறார். வலியைச் சொன்னால்தான் தலித் எழுத்து என்கிற இலக்கணத்தை யார் போட்டது?

அயோத்திதாசர்தான் மாதத்தின் பாதியைத் தின்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, 1914இல் சாகும்வரை வாராவாரம் எழுதியதை 1999இல்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்துத் தொகுதிகளாகப் பார்க்க முடிந்தது. இடையில் எண்பத்தைந்து வருஷம். நவீனத் தமிழ்ச் சிந்தனையின் வரலாறு எழுதியவர்களெல்லாம் அத்தனை வருஷமும் எதைப் படித்துக்கொண்டிருந்தார்கள்? பூர்வ பௌத்தம் என்று அவர் சொல்வதை ஏற்பதும் மறுப்பதும் அப்புறம். படித்துச் சண்டை போடலாமே. நான் போட்டேன். தாழ்த்தப்பட்டவர் வேறு, தாழ்ந்தவர் வேறு என்று பிரித்து, தோட்டியையும் குறவரையும் அவர் கீழே தள்ளுகிற இடத்தில் புத்தகத்தைத் தூக்கி வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அருந்ததியத் தோழர்கள் இதைக் கேட்கும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வது யோக்கியமில்லை.

ஏப்ரல் 14 அன்று 'சாதி ஒழிப்பு'. 1936இல் லாகூரில் பேசக் கூப்பிட்டவர்கள் உரையை முன்கூட்டிப் பார்த்துவிட்டு, சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். ஒரு கமாவைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் அம்பேத்கர். கூட்டமே நடக்கவில்லை. சொந்தக் காசில் அச்சடித்தார். காலையில் மாலை போட்ட நம் பையன்களிடம், இதைப் படிச்சிருக்கியா என்று கேட்டேன். இரண்டு பேர் தலையாட்டினார்கள், மற்றவர்கள் கைபேசியைப் பார்த்தார்கள். வாசகர் வட்டத்தை மட்டும் திட்டி என்ன பிரயோசனம்.

மே முதல் வாரம் பட்டியலைக் கொடுத்தேன். ஒன்று கேட்டார்கள், ஏழு எழுதியிருந்தேன். இன்னும் பதில் இல்லை. கல்விக்கடனுக்கு அலைந்துகொண்டிருந்த விடுதி மாணவன் ஒருவன் 'சங்கதி'யை வாங்கிப்போனான். போன வாரம் கேட்டேன். "எங்கம்மா வச்சிருக்கு சார், எழுத்துக்கூட்டிப் படிக்குது, கேட்டா குடுக்க மாட்டேங்குது" என்றான். வேறு பிரதி வாங்கவேண்டும்.