"எப்பயாவதுதான் குடிப்பார்"

ஒருத்தரைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல வேண்டுமென்றால், "ஆள் குடிகாரன் இல்ல சேர், எப்பயாவதுதான்" என்பார்கள். எனக்குப் பயமே இந்த 'எப்பயாவது'வில்தான்.

2015இல் எடுத்த தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் குடிக்கும் ஆண்கள் 100க்கு 35 பேரளவில்தான். பெண்களில் 100க்கு ஒருவர்கூட இல்லை. மொத்தக் குடியை எல்லாருக்கும் பங்கு போட்டால் சராசரி சின்னதாகத்தான் வரும். நான் கணிதம் படிப்பிக்கிறவன். வகுப்பில் பாதிப் பேர் 0, மற்றப் பாதி 90 எடுத்தால் சராசரி 45. ஆனால் 45 எடுத்த பிள்ளை அங்கே ஒன்றுகூட இல்லையே!

ஒரே தடவையில் 60 கிராம் தூய மதுசாரம் உள்ளே போனால் அதை மிதமிஞ்சிய குடி என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அரைப் போத்தல் சாராயத்தில் கிட்டத்தட்ட 100 கிராம் இருக்கிறது. சம்பள நாளில் அதை முடித்துவிட்டு மற்ற 29 நாளும் தொடாதவருக்குக் கணக்குப் பார்த்தால், ஒரு நாளைக்கு மூன்று கிராம் சொச்சம். கடதாசியில் நல்ல மனிசன். ஈரல் கெட வருசக்கணக்காகும், மோட்டார் சைக்கிள் மதிலில் மோத அந்த ஒரு இரவு போதும். வீட்டில் அடி விழுவதும் அந்த இரவில்தான்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதையும் விளம்பரத்தையும் தடுத்தது. நல்ல சட்டம். போயாவுக்குக் கடையைப் பூட்டுகிறார்கள், அதுவும் சரி. முதல் நாள் மாலை கடை வாசலில் நிற்கிற வரிசையை யார் பார்ப்பது?

"எங்கட ஆக்களுக்கு இது ஹராம், இந்தப் பிரச்சினை இல்ல" என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: இருக்கிறது. ஒளித்துக் குடிப்பவர் ஆறுதலாகக் குடிப்பதில்லை. வாகனத்துக்குள் அவசரமாக ஊற்றிக்கொண்டு, வாடை போக எதையாவது மென்றபடி அதே வாகனத்தை ஓட்டி வருகிறார். மனைவி கிளினிக்கில் வாய் திறக்க மாட்டார், ஊர் கதைக்கும் என்ற பயம்.

கிளினிக்கில் "குடிப்பீங்களா?" என்று கேட்டால் "இல்ல, எப்பயாவதுதான்" என்று பதில் வரும், அதோடு முடிந்தது. "குடிச்சா ஒரு தடவைக்கு எவ்வளவு? அதுக்குப் பிறகு எப்படி வீட்ட போவீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஆண்களிடம் நேரடியாக, தனியாக.

சம்பள நாளுக்கு மறுநாள் கொப்பியில் ஒன்றும் எழுதாமல் வருகிற பிள்ளையிடம், மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் நான் காரணம் கேட்பதில்லை.