நாய்ச் சாப்பாட்டுப் பையில் எழுதப்படாதது என்ன?

கிளிநொச்சிக்கு அருகே தனியாக வாழும் என் மாமி ஒருவர் இருக்கிறார். பிள்ளைகளில் இருவர் ரொறன்ரோவில். மூன்றாவது மகன் சுவரில் மாட்டிய படத்தில். அயலில் இரண்டு வீடுகளில் களவு போன பிறகு, மூத்த மகன் காசு அனுப்பி ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தார். பெயர் ஜிம்மி. மாதாமாதம் வரும் காசில் ஜிம்மியின் சாப்பாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

சில மாதங்களுக்கு முன் மாமி தொலைபேசியில் அழைத்தார். "பிள்ளை, ஜிம்மி ரெண்டு நாளாச் சாப்பிடுதில்லை. சத்தி எடுக்குது. வாங்கின சாப்பாட்டில ஏதும் பிழையோ எண்டு ஒருக்கா வந்து பார்" என்றார்.

போய்ப் பார்த்தேன். கடையில் பெரிய சாக்கிலிருந்து கிலோக் கணக்கில் அள்ளி, வெள்ளைப் பொலித்தீன் பையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பையில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. கடைக்குப் போய்ச் சாக்கைக் கேட்டேன். காட்டினார்கள். ஆங்கிலமும் தாய்லாந்து எழுத்துகளும் இருந்தன. தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. முடிவுத் திகதி அச்சிட்டிருந்த இடம் சாக்கை வெட்டித் திறந்தபோது கிழிந்து போயிருந்தது. பழைய சாக்கு முடிய, மிச்சத்தைப் புதிய சாக்கில் கொட்டிவிடுவதுதான் வழக்கம் என்று கடைப் பையன் ஒளிக்காமல் சொன்னான்.

மிருக வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உண்ணிக் காய்ச்சல் என்றார். மருந்து கொடுக்க ஜிம்மி தேறிவிட்டது. சாப்பாட்டின் மீது பழியில்லை. ஆனால் மாமி கேட்ட அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை: "அப்ப இந்தச் சாப்பாடு நல்லது எண்டு சொல்லுறியோ?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய முயற்சி.

சாக்கில் எழுதியிருப்பவை

உலர் நாய்த் தீவனத்தின் லேபலைப் பார்ப்பவர்கள் முதலில் தேடுவது உட்பொருட் பட்டியலை. எடையில் கூடியது முதலில், குறைந்தது கடைசியில் என்பதே ஒழுங்கு. இந்த ஒழுங்கில் நாங்கள் கவனிக்காத இரண்டு சூட்சுமங்கள் உள்ளன.

முதலாவது, தண்ணீர். பட்டியலில் "கோழி இறைச்சி" முதலிடத்தில் இருந்தால், அது பச்சையாக நிறுத்த எடை. பச்சைக் கோழியில் பத்தில் ஏழு பங்கு தண்ணீர். தீவனமோ பத்தில் ஒரு பங்கு ஈரத்துடன் காய்ந்து வெளிவருகிறது. தண்ணீர் போன பின் அந்தக் கோழி பட்டியலில் எத்தனையாவது இடத்துக்கு இறங்கும் என்பதை லேபல் சொல்லாது. இரண்டாவது, பிரித்து எழுதுதல். சோளம், சோள மா, சோளக் குளூட்டன் என்று ஒரே தானியத்தை மூன்றாக்கினால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். கூட்டிப் பார்த்தால் சாக்கின் பெரும்பகுதி சோளமாக இருக்கலாம்.

இவை ஏமாற்று வித்தைகள் என்று சொல்லலாம். ஆனால் நஞ்சு அல்ல. சோளம் நாய்க்குக் கேடல்ல. பலர் அருவருக்கும் "உப இறைச்சிப் பொருட்கள்" என்பதும் பெரும்பாலும் ஈரல், குடல், நுரையீரல் போன்றவைதான். நாங்களும் அவற்றை வாங்கிச் சமைக்கிறோம்.

பாதுகாப்புப் பொருட்களைப் பற்றிய அச்சத்துக்குச் சற்றுக் காரணம் உண்டு. கொழுப்பு சிக்கெடுக்காமல் இருக்கச் சேர்க்கப்படும் எதொக்சிகுவின் என்ற இரசாயனத்தின் அளவை நாய்த் தீவனத்தில் பாதியாகக் குறைக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தீவனங்களில் அதன் அனுமதியையே இடைநிறுத்தியது. ஆபத்து நிரூபிக்கப்பட்டதால் அல்ல, பாதுகாப்பானது என்று காட்டப் போதிய தரவு இல்லாததால். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்திருங்கள். திரும்ப வருவோம்.

"தானியம் இல்லாதது" என்று கூடிய விலைக்கு விற்கப்பட்ட தீவனங்களுக்கும் ஒரு கதை உண்டு. பட்டாணி, பருப்பு வகைகள் அதிகமுள்ள தீவனங்களை உண்ட நாய்களில் இதயத்தசை நோய் பதிவாவதாக அதே நிர்வாகம் 2018இல் விசாரணையை அறிவித்தது. காரண காரியத் தொடர்பு இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. விலை கூடியதும் அழகான படம் போட்டதும் பாதுகாப்புக்குச் சாட்சி அல்ல.

புரதம் போல வந்த இரசாயனம்

2007 மார்ச் 16 அன்று கனடாவின் மெனு ஃபூட்ஸ் நிறுவனம் நாய், பூனை உணவுகளைச் சந்தையிலிருந்து மீளப் பெறத் தொடங்கியது. நிறுவனத்தின் சொந்தச் சுவைச் சோதனையிலேயே பூனைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்திருந்தன. ஏறத்தாழ நூறு வணிகப் பெயர்கள், 60 மில்லியனுக்கு மேற்பட்ட ரின்களும் பொதிகளும். மலிவான பெயரும் விலைகூடிய பெயரும் ஒரே ஆலையில், ஒரே மூலப்பொருளில் தயாரானவை என்பது அன்றுதான் பலருக்குத் தெரியவந்தது. அடுத்த வாரங்களில் உலர் தீவனங்களும் மீளப் பெறப்பட்டன. நாய்களும் பூனைகளும் இறந்ததாக ஆயிரக்கணக்கில் முறைப்பாடுகள் குவிந்தன.

லேபலில் இருந்தது "கோதுமைக் குளூட்டன்". சீனாவிலிருந்து இறக்குமதியானது. சாக்கில் உண்மையில் இருந்தது சாதாரணக் கோதுமை மாவும் மெலமைனும். மெலமைன் என்பது பிளாஸ்ரிக் தட்டுகள் செய்யப் பயன்படும் பொருள்.

ஏன் மெலமைன்? இங்கேதான் விடயத்தின் மையம் இருக்கிறது. உணவில் புரதம் எவ்வளவு என்பதை ஆய்வுகூடங்கள் பெரும்பாலும் நேரடியாக அளப்பதில்லை. 1883இல் டென்மார்க்கின் யொஹான் கெல்டால் உருவாக்கிய முறைப்படி நைதரசனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைதரசன் என்பதுதான் கணக்கு. மெலமைனிலோ மூன்றில் இரண்டு பங்கு நைதரசன். ஆகவே ஒரு கிராம் மெலமைன், சோதனையில் நான்கு கிராமுக்கு மேற்பட்ட புரதமாகத் தோன்றும். மலிவு மாவு உயர்தரப் புரதமாகிவிடும். நாய்த் தீவனச் சாக்கில் "கச்சாப் புரதம் 22%" என்று எழுதியிருப்பதும் இதே கணக்குத்தான்.

மெலமைனும் அதனுடன் கலந்திருந்த சயனூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் சந்திக்கும்போது கரையாத பளிங்குகளாக உறைகின்றன. சிறுநீர் போகும் நுண்குழாய்கள் அடைபடுகின்றன. விலங்கு இறக்கிறது.

நட்டஈட்டு வழக்கு 24 மில்லியன் டொலரில் முடிந்தது. மாவை இறக்குமதி செய்த அமெரிக்க நிறுவனத்தின் உரிமையாளர்களுக்குக் கிடைத்தது தண்டப்பணமும் நன்னடத்தைக் காலமும் மட்டுமே. நாய்களின் கதைதானே என்று உலகம் கடந்து போனது.

அடுத்த ஆண்டு, 2008இல், அதே மெலமைன் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் வந்தது. அதே காரணம். தண்ணீர் கலந்த பாலுக்குப் புரத அளவைக் கூட்டிக் காட்டுவது. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றன. ஆறு குழந்தைகள் இறந்ததாகச் சீன அரசு ஒப்புக்கொண்டது. ஓராண்டுக்கு முன் நாய்களும் பூனைகளும் தந்த எச்சரிக்கையைக் கேட்க எவருக்கும் காது இருக்கவில்லை.

சோளத்தின் பூஞ்சணம்

மெலமைன் மனிதர் கலந்த நஞ்சு. அஃப்ளடொக்சின் எவரும் கலக்காமலே வருவது. சோளம், கச்சான், கொப்பரா போன்றவை சூட்டிலும் ஈரத்திலும் இருக்கும்போது பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அதை உண்டாக்குகிறது. ஈரலைத் தாக்கும். புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதிசெய்யப்பட்ட பொருட்களின் முதல் வகுப்பில் அது இருக்கிறது.

இதையும் உலகம் விலங்குகளின் சாவிலிருந்தே கற்றது. 1960இல் இங்கிலாந்தில் சுமார் ஒரு இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன. பிரேசிலில் இருந்து வந்த கச்சான் பிண்ணாக்கில் தேடியபோது அகப்பட்டதே அஃப்ளடொக்சின். 2004இல் கென்யாவில் பூஞ்சணம் பிடித்த சோளத்தை உண்டு 125 பேர் இறந்தார்கள்.

நாய்த் தீவனத்தில் அது மீண்டும் மீண்டும் வருகிறது. 2005 டிசம்பரில் அமெரிக்காவின் தென் கரோலினாவிலுள்ள ஆலை ஒன்றில் தயாரான டயமண்ட் உலர் தீவனத்தால் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்தன. 2020 டிசம்பரில் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற உலர் தீவனம் மீளப் பெறப்பட்டது. அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட எல்லை பில்லியனில் 20 பங்கு, அதாவது ஆயிரம் கிலோ தீவனத்தில் 20 மில்லிகிராம். அந்தத் தீவனத்தின் மாதிரி ஒன்றில் 558 இருந்தது. 130க்கு மேற்பட்ட செல்லப்பிராணிகளின் இறப்புடன் அது தொடர்புபடுத்தப்பட்டது. இரண்டு தீவனங்களின் லேபலிலும் இருந்தது வெறும் "சோளம்". அது பொய்யல்ல. எந்தச் சோளம் என்பதுதான் எழுதப்படவில்லை.

இந்த நஞ்சு தீவனத்தில் சமமாகப் பரவியிருப்பதில்லை. ஒரு லொறிச் சோளத்தில் ஒரு மூலையில் மட்டும் இருக்கலாம். ஒரு கையளவு அள்ளிச் சோதித்துவிட்டு "நல்லது" என்று சொன்னால் அதற்கு அர்த்தமில்லை. பல இடங்களில் எடுத்து, அரைத்துக் கலந்து, திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும். அதற்குச் செலவாகும்.

எங்கள் சுளகும் வெயிலும்

பொருளாதாரத் தடைக் காலத்திலும் இடப்பெயர்வுகளிலும் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நினைவு வரும். நிவாரண மா கட்டி பட்டிருக்கும். பூஞ்சண மணம் வீசும். அம்மாமார் அதை வெயிலில் காயவிட்டு, அரித்து, வறுத்து, ரொட்டியாகவோ களியாகவோ தந்தார்கள். எறிவதற்கு வேறு மா இருக்கவில்லை. அவர்கள் செய்தது சரி. பசிதான் முதல் நஞ்சு.

ஆனால் அன்று அவசியத்தால் செய்தது இன்று பழக்கமாக நிற்கிறது. "காயவிட்டால் சரி" என்ற நம்பிக்கை அஃப்ளடொக்சினிடம் செல்லாது. வெயிலில் பூஞ்சணம் சாகும். அது விட்டுச்சென்ற நஞ்சு இருக்கும். வீட்டுச் சமையலின் சூடு அதைப் போக்கப் போதாது. பூத்த மாவையும் கச்சானையும் "சரி, நாய்க்குப் போடுவம்" என்று ஒதுக்குவதும் எங்கள் வழக்கம். கோழிக்குப் போட்டால் முட்டையிலும், மாட்டுக்குப் போட்டால் பாலிலும் அதன் எச்சம் எங்களிடமே திரும்பி வரலாம்.

இது நாய்களோடு நிற்கும் விடயம் அல்ல என்பதற்கு இலங்கையே சாட்சி. 2021 மார்ச்சில் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்ளடொக்சின் கண்டுபிடிக்கப்பட்டுப் பெரும் சர்ச்சையானது. 2022இல், பொருளாதார நெருக்கடியின் நடுவே, கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் திரிபோஷாவில் அது இருப்பதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் தரப்பிலிருந்து குற்றச்சாட்டு எழுந்தது. உற்பத்தித் தரப்பு மறுத்தது. திரிபோஷாவின் முக்கிய மூலப்பொருளும் சோளந்தான். குற்றச்சாட்டு ஒரு பக்கம், மறுப்பு மறுபக்கம். நடுவில் முல்லைத்தீவிலோ மூதூரிலோ கிளினிக்கில் வரிசையில் நிற்கும் தாய்க்குக் கிடைக்க வேண்டியது அவர் கையிலுள்ள பைக்கற்றின் தொகுதி இலக்கத்துக்கான சோதனை முடிவு.

கால்நடைத் தீவனத்தை ஒழுங்குபடுத்த 1986 முதல் இங்கே ஒரு சட்டம் இருக்கிறது. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. அவற்றிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிமையானது: துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு தொகுதித் தீவனத்தையும் சோளத்தையும் யார் சோதிக்கிறார், முடிவை மக்கள் எங்கே பார்க்கலாம், எங்களுக்கு விளங்கும் மொழியில்? எதொக்சிகுவின் விடயத்தில் ஐரோப்பா வைத்த அளவுகோலும் இதுதான். ஆபத்தை நிரூபிப்பது வாங்குபவரின் வேலை அல்ல. பாதுகாப்பைக் காட்டுவது விற்பவரின் கடமை. காட்ட முடியாவிட்டால் அனுமதி இல்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

அதுவரை நாங்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

சாக்கிலிருந்து அள்ளித் தருவதை வாங்காதீர்கள். சிறிய பைக்கற்றாயினும் மூடி ஒட்டியதை வாங்குங்கள். முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், இறக்குமதியாளரின் முகவரி மூன்றும் இருக்க வேண்டும். சாப்பாட்டை வேறு வாளியில் கொட்டினாலும் பையை எறியாதீர்கள். நாய்க்கு ஏதும் நடந்தால் அந்த இலக்கம் ஒன்றுதான் உங்கள் சாட்சி. எங்கள் வெக்கைக்குத் திறந்த பை கனநாள் தாங்காது. நான்கைந்து கிழமைக்குள் முடியும் அளவை வாங்கி, இறுக மூடி, நிலத்தில் படாமல் நிழலில் வையுங்கள். சிக்கு மணமோ ஈரக் கட்டியோ கண்டால் கோழிக்கும் போடாமல் புதைத்துவிடுங்கள். மணம் இல்லை என்பதால் நஞ்சும் இல்லை என்று எண்ணவும் வேண்டாம்.

நாய் சாப்பாட்டை மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். சத்தி, சோர்வு, கண்ணிலும் முரசிலும் மஞ்சள், வழமைக்கு மாறாக அதிகம் தண்ணீர் குடித்தல் ஆகியவை ஈரலோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டதன் அறிகுறிகளாக இருக்கலாம். மிருக வைத்தியரிடம் போகும்போது பையையும் கொண்டு போங்கள்.

சோறும் மீனும் போட்டு வளர்ப்பவர்கள் வெட்கப்படத் தேவையில்லை. வெங்காயமும் உள்ளியும் போட்ட குழம்பை மட்டும் ஊற்றாதீர்கள். அவை நாயின் இரத்த அணுக்களை அழிக்கும். சொக்கிலேற்றும் முந்திரிகையும் கூடாது. சமைத்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கலாம்.

மாமியிடம் இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். இப்போது மூடிய பைக்கற்தான் வாங்குகிறார். பையின் இலக்கம் உள்ள துண்டை வெட்டி, குடும்ப அட்டையும் மகனுக்காகக் கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகளும் இருக்கும் அதே பைலுக்குள் வைக்கிறார்.

"ஆரும் கேட்டா காட்ட ஒரு துண்டு இருக்கவேணும், பிள்ளை" என்றார்.