ஸ்டிக்கரை விடுங்க, சிலிண்டர் கழுத்தைப் பாருங்க!

கோவில்பட்டி தீப்பெட்டி ஆலைகளில் மின்பலகைப் பக்கம் கறுப்புக் குழல் வைத்த சிவப்பு சிலிண்டர் தொங்குகிறதா? உள்ளே இருப்பது கார்பன் டை ஆக்சைடு. (குளோரேட் கலந்த தீக்குச்சி மருந்து பற்றினால் இது உதவாது, எரியத் தேவையான ஆக்சிஜனை அந்த மருந்தே வைத்திருக்கிறது.) ஸ்டிக்கரில் இந்த வருஷத் தேதி இருந்தால் நிம்மதியாகிவிடுகிறோம். ஆனா, அது கேஸ் நிரப்பிய தேதி. சிலிண்டர் தாங்குமா என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வது கழுத்துப் பகுதியில் உலோகத்திலேயே குத்தியிருக்கும் தேதி. 5 ஆண்டுக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, உலோகம் எவ்வளவு விரிகிறது, பழையபடி சுருங்குகிறதா என்று சோதிக்க வேண்டும். தேறாததை மறுபடி பயன்படுத்த முடியாதபடி நசுக்கியோ வெட்டியோ அழித்துவிட வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? 20 டிகிரி வெப்பத்திலேயே உள்ளே சுமார் 57 பார் அழுத்தம். கார் டயரைப் போல 25 மடங்கு. வெப்பம் கூடக் கூட அது விறுவிறுவென ஏறும். கரிசல் காட்டு சித்திரை வெயிலில், தகரக் கூரைக்கு அடியில் யோசித்துப் பாருங்க.

இந்த வகைக்கு அழுத்தம் காட்டும் முள்ளும் கிடையாது. எடை போட்டால்தான் கசிவு தெரியும்.

ஒன்றிரண்டு சிலிண்டருக்காகச் சின்ன ஆலைக்காரர் சோதனை நிலையத்துக்கு அலைய மாட்டார். உற்பத்தியாளர் சங்கங்கள் மொத்தமாகச் சேர்த்து அனுப்பலாம். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளும் ஸ்டிக்கரோடு திரும்பிவிடாமல், கழுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டு போகணும்.