மேல்முறையீட்டுக்கு ஒரு பொய்க் கடிதம்

என் பெரியம்மா மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். சென்ற தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வாட்ஸ்அப்பில் ஒரு கடிதம் அனுப்பினார். "தம்பி, இதில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அப்பீலுக்கு வேண்டும்" என்று குரல்பதிவும் வந்தது.

கடிதத்தைப் படித்தேன். சுங்கைப் பட்டாணியில் அண்ணனை இந்தியர் என்பதற்காகவே ஒரு கும்பல் அடித்ததாம். போலீஸ் புகாரை ஏற்க மறுத்ததாம். அதை நான் நேரில் பார்த்தேனாம். அப்படி ஒரு சம்பவம் நடக்கவே இல்லை.

நாங்கள் இருவரும் பீடோங் பக்கம் வளர்ந்தவர்கள். தாத்தா பால்மரம் சீவிய தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபின் தாமானுக்கு வந்த குடும்பம். அண்ணன் எஸ்பிஎம் முடித்துக் கூலிம் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை பார்த்தார். அப்போதுதான் ஓர் ஏஜெண்ட், "ஆஸ்திரேலியாவில் பழத்தோட்ட வேலை, விசாவை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றார். பெரியம்மாவின் நகை அடகுக்கடைக்குப் போனது.

மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் இணையத்திலேயே பயண அனுமதி பெற்று ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம். போனபின் அண்ணனுக்காக ஏஜெண்ட் விண்ணப்பித்தது பாதுகாப்பு விசா. அதாவது, "நாடு திரும்பினால் எனக்கு ஆபத்து" என்று சொல்லும் அகதிக் கோரிக்கை. முடிவு வரும்வரை பலருக்கு வேலை செய்ய அனுமதி கிடைக்கிறது. அந்த இடைவெளியைத்தான் இத்தகைய ஏஜெண்டுகள் விற்கிறார்கள். 2017, 2018ஆம் ஆண்டுகளில் விமானத்தில் போய் அங்கே அடைக்கலம் கேட்டவர்களில் மலேசியர்கள் முன்னணியில் இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோரின் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது.

அண்ணனின் கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டது. 28 நாளுக்குள் நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். அங்கே வழக்கைப் புதிதாக ஆராய்வார்கள். புதிய ஆதாரமும் தரலாம். அந்தப் 'புதிய ஆதாரம்'தான் என்னிடம் கேட்கப்பட்ட கடிதம்.

மாணவ நண்பர்களே, இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று பாகுபாடு; மற்றொன்று துன்புறுத்தல். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தம், இனம், மதம், தேசியம், சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க காரணத்தோடு அஞ்சுபவரைத்தான் அகதி என்கிறது. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து உண்டா, அரசு காப்பாற்றாதா, அதே நாட்டில் வேறு ஊருக்குப் போய் வாழ முடியாதா என்றெல்லாம் தீர்ப்பாயம் கேட்கும்.

நமக்குக் குறை இல்லையா? உண்டு. நல்ல தேர்ச்சி இருந்தும் கேட்ட துறை கிடைக்காத ஏமாற்றம் எனக்கே தெரியும். இந்தியர் என்றால் வாடகைக்கு வீடில்லை என்ற பதிலை அண்ணனும் கேட்டிருக்கிறார். இவை பாகுபாடு. இவற்றைச் சட்டப்படியும், சுஹாகாமிலும், நாடாளுமன்ற உறுப்பினரிடமும் எழுப்ப வேண்டும். ஆனால் நடக்காத அடிதடியைச் சேர்த்து எழுதினால், நாளை நடந்த அநீதியைச் சொல்லும்போதும் நம்மை யார் நம்புவார்கள்?

இன்னொரு தமிழ்க் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். படகில் ஆஸ்திரேலியா போன இலங்கைத் தமிழர்களான நடேசலிங்கம், பிரியா தம்பதியர் பிலோயிலா என்ற சிற்றூரில் வாழ்ந்தார்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டு, 2018 மார்ச் மாதம் அதிகாலையில் இரண்டு பெண் குழந்தைகளோடு பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2019 ஆகஸ்டில் நாடு கடத்தப் புறப்பட்ட விமானத்தை நடுவழியில் நிறுத்தியது ஒரு நீதிமன்ற உத்தரவு. பிறகு கிறிஸ்துமஸ் தீவில் தடுப்புக்காவல். ஊர் மக்கள் விடாமல் போராடினார்கள். 2022இல்தான் ஊர் திரும்பி, நிரந்தர விசா பெற்றார்கள். அத்தகையவர்கள் நிற்கும் அதே வரிசையில்தான் ஏஜெண்டின் பொய்க் கோப்புகளும் நிற்கின்றன. வரிசை நீள்கிறது, அதிகாரியின் சந்தேகமும் வளர்கிறது.

மலேசியர் எவருக்கும் உண்மையான அச்சம் இருக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படி இருப்பவருக்கு மேல்முறையீடு கடைசிப் பிடிமானம். அதற்காகவே அதைக் கெடுக்கக் கூடாது.

நான் கையெழுத்துப் போடவில்லை. பதிலாக, எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதி அனுப்பினேன்: தோட்டம் போனது, ஒப்பந்த வேலை, வாடகை வீடு மறுக்கப்பட்டது. பெரியம்மா அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நான்காம் நாள் அண்ணன் கேட்டார்: "உண்மையை எழுதினால் ஜெயிக்குமா தம்பி?" ஜெயிக்காமல் போகலாம் என்றேன். தோற்றால் அங்கிருந்தபடி இன்னொரு முறை பாதுகாப்பு விசா கேட்க முடியாது என்பதையும் சொன்னேன். ஏஜெண்ட் அதைச் சொல்லவே இல்லையாம்.

விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. எஸ்பிஎம் முடித்துவிட்டு இதேபோன்ற பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். எந்த விசா என்று பெயரைக் கேளுங்கள். உங்கள் பெயரில் என்ன எழுதப்படுகிறது என்று படியுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்திடாதீர்கள். அந்த மூன்றையும் அண்ணன் செய்யவில்லை. பெரியம்மாவின் நகை இன்னும் அடகுக்கடையில்தான் இருக்கிறது.