பஞ்சு மேகத்துக்கு முதல் பரிசு

சில மாதங்களுக்கு முன் ஒரு மாடல் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கிட் வாங்கி வந்து ஒட்டி, பெயிண்ட் அடித்து, விமானமும் டாங்கியுமாகச் செய்து அடுக்குகிற என் பைத்தியம் இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். தின்னர் வாடைக்கு வீட்டில் நான் வாங்குகிற திட்டும் தெரியும்.

அன்றைக்கு முதல் பரிசு ஒரு பி-29 விமானத்துக்கு. மூக்கில் 'எனோலா கே' என்ற பெயர். 72-இல் ஒரு பங்கு அளவு, இறக்கை மட்டுமே ஏறக்குறைய 60 சென்டிமீட்டர். அந்த வெள்ளி நிறப் பூச்சு எனக்கு இந்த ஜன்மத்தில் வராது. ஆனால் விமானத்துக்குக் கீழே பஞ்சைப் பிய்த்து ஒரு காளான் மேகம் செய்து, உள்ளே ஆரஞ்சு எல்.இ.டி. விளக்கு வைத்திருந்தார். ஸ்விட்சைத் தட்டினால் மேகம் பளிச்சென்று மின்னும். குழந்தைகள் வரிசையில் நின்று தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு வயிற்றைப் புரட்டியது. நடுவர்களில் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "சார், நாங்க டெக்னிக்குக்குத்தான் மார்க் போடறோம். இது வெறும் பிளாஸ்டிக்" என்றார்.

இந்த 'வெறும் பிளாஸ்டிக்' வாதத்தை முப்பது வருஷமாகக் கேட்கிறேன். சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். ஒரு ஜெர்மன் விமானத்தின் அடிவயிற்று நீலம் 1941-இல் எந்த நீலம், 1944-இல் எந்த நீலம் என்று ஆறு மாதம் ஆராய்கிறவர்கள். ரிவெட் வரிசை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் தூக்கம் வராதவர்கள். சரித்திரம் அத்தனை துல்லியமாக வேண்டும், ஆனால் அந்த விமானம் கீழே என்ன செய்தது என்று கேட்டால் மட்டும் அது பிளாஸ்டிக் ஆகிவிடுகிறது!

எதிர்ப்பக்கத்துக்காரர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. நாஜிச் சின்னமே கூடாது, வாலில் அந்த இடத்தை வெறுமையாக விடு என்கிறார்கள். ஜெர்மனியில் சட்டமே இருக்கிறது, குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு. அந்தச் சின்னத்தைப் பரப்பினால் மூன்று வருஷம் வரை சிறை. கல்விக்கும் கலைக்கும் விலக்கு உண்டு. அதற்குப் பயந்துதான் சில கம்பெனிகள் ஸ்டிக்கர் தாளில் சின்னத்தை இரண்டு துண்டாக அச்சடிக்கின்றன. ஒட்டுகிறவன் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த நாட்டுக்கு அந்தச் சட்டம் அவசியம், மறுக்கவில்லை. ஆனால் என் அலமாரியில் சின்னத்தை அழித்துவிட்டு மெஸ்ஸர்ஷ்மிட்டை வைத்தால் அது ஏதோ நல்ல பிள்ளை ஓட்டிய விமானம் மாதிரி நிற்கும். அது பொய். நான் ஒட்டித்தான் வைப்பேன். நம் வீட்டு வாசலில் போடுகிற ஸ்வஸ்திகா வேறு, இது வேறு என்று பேரனுக்குச் சொல்லவும் ஒரு வாய்ப்பு.

ஆக, கோட்டை எங்கே போடுவது? எந்த இயந்திரத்தையும் செய்யலாம் என்பேன். செத்தவர்களின் சாவை அலங்காரமாக்கக் கூடாது. கொன்றவனை வீர புருஷனாக நிறுத்தி வைக்கவும் கூடாது. எனோலா கே தனியாக ஒரு பலகையில் நிற்கட்டும். 6-8-1945, காலை 8.15, ஹிரோஷிமா என்று ஒரு சீட்டு போதும். விளக்குப் போட்ட பஞ்சில் எத்தனை ஆயிரம் பேர் வெந்தார்கள் என்று ஸ்விட்சைத் தட்டிய குழந்தைக்கு யார் சொன்னார்கள்?

இதில் சண்டை புதிதல்ல. வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் 1995-இல் அசல் எனோலா கேயைக் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டபோது, ஹிரோஷிமாவில் எரிந்த பொருட்களையும் கூடவே வைக்க நினைத்தார்கள். முன்னாள் படைவீரர்கள் கொதித்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது, இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் ராஜினாமா செய்தார். கடைசியில் விமானத்தின் சில பாகங்களை மட்டும் வைத்தார்கள். கீழே இருந்தவர்களைக் காட்ட அங்கே இடம் கிடைக்கவில்லை.

பெரிய நியாயஸ்தன் மாதிரி எழுதுகிறேனே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இஸ்ரேலின் கிஃபிர் விமானம் ஒன்று செய்து, வரவேற்பறை அலமாரியில் நடுத்தட்டில் வைத்திருந்தேன். அழகான முக்கோண இறக்கை. எபிரேய மொழியில் அதற்குச் சிங்கக்குட்டி என்று அர்த்தம் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். பக்கத்துத் தெருவில் கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு நண்பர் இருக்கிறார். முதல் தடவை வீட்டுக்கு வந்தவர் அலமாரி முன்னால் நின்றார்.

"அண்ணை, இது கிபிர் எல்லோ?"

நான் உற்சாகமாக எஞ்சினைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை. "சத்தம் வர முதலே பிள்ளையளத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள்ள ஓடுவம்" என்றார். பிறகு உட்கார்ந்தார். தேத்தண்ணி ஆறிப் போயிற்று, குடிக்காமலே கிளம்பினார்.

இலங்கை விமானப்படை 1996 முதல் கிஃபிர் வைத்திருந்தது எனக்குத் தெரியாத விஷயமா? புத்தகத்தில் படித்துத் தேதியோடு தெரியும். அலமாரியில் வைக்கும்போது மட்டும் ஞாபகம் வரவில்லை.

அதை உடைக்கவில்லை. பழைய தினசரியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். நடுத்தட்டு இன்னும் காலி. போன வாரம் அவர் வந்தபோது அந்தக் காலி இடத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சர்க்கரை கொஞ்சம் கூடப் போடச் சொல்லி டீ கேட்டார்.