பப்ஸ் தின்று கெட்டுப்போகும் பசங்க!

"ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற பசங்க எல்லாம் பேக்கரியே கதின்னு கெடக்கறானுங்க. மூணு வேளையும் மைதா, ஆறு வேளை டீ. எங்க உருப்படப் போறானுங்க?"

சிங்கப்பெருமாள் கோவிலில் இந்தப் புலம்பலைக் கேட்காமல் ஒரு வாரம் ஓட்டுவது கஷ்டம். வீட்டு ஓனர் சொல்வார். ஆட்டோ ஸ்டாண்டில் சொல்வார்கள். காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கிற மாணவர்களும் சொல்வார்கள். சொல்கிற வாயில் பாதி, அதே பேக்கரியின் முட்டை பப்ஸை மென்றுகொண்டிருக்கும் என்பது தனிக்கதை.

இதில் அக்கறை கொஞ்சம், ஏளனம் நிறைய. அந்த ஏளனமும் விழ வேண்டிய இடத்தில் விழவில்லை.

முதலில் ஊரைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. சென்னையிலிருந்து செங்கல்பட்டு போகிற ஜி.எஸ்.டி. ரோட்டில், ரயிலில் வந்தால் மறைமலை நகருக்கு அடுத்த ஸ்டேஷன். (இந்த ஜி.எஸ்.டி. வரி இல்லை. கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. வரி பின்னால் வருகிறது.) இங்கிருந்துதான் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூருக்குச் சாலை பிரிகிறது. தொண்ணூறுகளின் கடைசியில் மறைமலை நகரில் ஃபோர்டும் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் கார் செய்ய ஆரம்பித்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், அதன் பிறகு டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் வந்த நோக்கியா 2014-ல் மூடப்பட்டது. ஃபோர்டு 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்தியது. கம்பெனிகள் வரும், போகும். ஒவ்வொரு முறையும் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனில் இறங்குகிற பையன்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அப்படி ஒரு பையன் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்காசிப் பக்கம் பாலிடெக்னிக் முடித்தவனாக இருக்கலாம். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவனாகவும் இருக்கலாம். ஒரு ரூமில் நாலு பேர். சமைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, மொட்டை மாடிக்குப் போகக் கூடாது என்று ஓனர் போட்ட சட்டங்கள். மெஸ் ராத்திரி ஒன்பதரைக்குப் பாத்திரம் கழுவிவிடும். இவனுக்கோ ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஜங்ஷனில் இறக்கிவிடும்போது மணி பதினொன்று. பசி. உடனே ரூமுக்குப் போனால் அடுத்த ஷிஃப்டுக்காரன் தூங்கிக்கொண்டிருப்பான், லைட் போட முடியாது. எங்கே போவான்?

விளக்கு எரிகிற ஒரே இடத்துக்குப் போவான்.

ஊருக்குப் புதிதாக வருகிறவன் கோவிலை வைத்தோ தாலுகா ஆபீஸை வைத்தோ ஊரைக் கற்றுக்கொள்வதில்லை. பேக்கரிகளை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறான். எந்தக் கடையில் சாயங்காலம் நாலு மணிக்குப் பப்ஸ் சூடாக வெளியே வரும், எந்தக் கடையில் காலைப் பப்ஸையே திரும்பத் திரும்பச் சூடு பண்ணிக் கொடுப்பார்கள், எங்கே தேங்காய் பன்னில் நிஜமாகவே தேங்காய் இருக்கும், எங்கே டீ மாஸ்டர் கேட்காமலே சர்க்கரையைக் குறைப்பார், எந்தக் கடை தில்பசந்தை எட்டாக வெட்டும், எந்தக் கடை பத்தாக வெட்டும்... முதல் மாதத்தில் அவன் படிக்கிற பாடம் இதுதான். ஒரே மாதிரிக் கண்ணாடி அலமாரி, ஒரே மாதிரி பிஸ்கட் ஜாடி என்று மேலோட்டமாகத் தெரிகிற நாலு கடைகளுக்கு நாலு குணம் இருப்பது அப்போதுதான் பிடிபடும். ஒரு கடை விடியற்காலைக்கு, ஒன்று மழைக்கு, ஒன்று மாதக் கடைசிக்கு.

மாதக் கடைசிக் கடைதான் முக்கியம். சம்பள ஸ்லிப் இல்லாமல், ஆதாரில் உள்ளூர் விலாசம் இல்லாமல், ஜாமீன் இல்லாமல் இந்தப் பையனுக்கு எந்த பேங்க் கடன் கொடுக்கும்? பேக்கரிக்காரர் கொடுக்கிறார். நீள நோட்டு ஒன்று, பேருக்குப் பதில் 'வெல்டிங் தம்பி', 'பீகார் பெரியவன்' என்று தலைப்பு, கீழே கோடு கோடாகக் கணக்கு. காமர்ஸ் வகுப்பில் 'கடன் தகுதி' என்று ஒரு பாடம் முழுக்க நடத்துகிறார்கள். அதை முகத்தைப் பார்த்து அரை நிமிஷத்தில் முடிவு செய்கிறவர் ஓவன் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு நிற்கிறார்.

அடுத்தது பெஞ்சு. கடைக்கு வெளியே ஒரு சிமென்ட் திண்டு, அல்லது ரெண்டு பிளாஸ்டிக் ஸ்டூல், அல்லது கால் ஆடுகிற ஒரு மர பெஞ்சு. எந்த கான்ட்ராக்டர் ஆள் எடுக்கிறார், எங்கே ரூம் காலி, எந்தக் கம்பெனியில் ஓ.டி. கணக்கு ஒழுங்காக வரும் என்பதெல்லாம் அந்த பெஞ்சில்தான் தெரியும். ஒடிசாக்காரப் பையன் முதல் தமிழ் வார்த்தைகளைக் கற்றுக்கொள்வதும் அங்கேதான். "அண்ணா, ஒரு டீ." மூன்றே வார்த்தை. ஊருக்குள் நுழைய அது போதும்.

இப்போது குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, உடம்பு. மைதா கெடுதல், டால்டா கெடுதல், சர்க்கரை கெடுதல். எல்லாம் உண்மை. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் ஃபேட் இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022 ஜனவரியிலிருந்து விதியே இருக்கிறது. பேக்கரிகள் அதைக் கடைப்பிடிக்கின்றனவா என்று உணவுப் பாதுகாப்புத் துறை தாராளமாகச் சோதிக்கட்டும். ஆனால் ராத்திரி பதினொன்றரைக்கு ஒருவன் பப்ஸ் சாப்பிடுவது நாக்கின் கோளாறு இல்லை, நேரத்தின் கோளாறு. அந்த நேரத்தில் இட்லி கிடைத்தால் அவன் வேண்டாம் என்றா சொல்லப் போகிறான்? சமைக்க விடாத ஓனர், ஒன்பதரைக்கு மூடுகிற மெஸ், ஷிஃப்டை வகுக்கிற கம்பெனி என்று மூன்று பேர் சேர்ந்து எழுதிய மெனு அது. திட்டு மட்டும் சாப்பிடுகிறவனுக்கு!

கம்பெனி ஏற்பாட்டுச் சாப்பாடு மட்டும் அமிர்தமா? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்த பிறகுதான் அவர்கள் எங்கே தங்குகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று உலகம் திரும்பிப் பார்த்தது. ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. அது வரைக்கும் ஐபோன் எங்கே தயாராகிறது என்று தெரிந்தவர்களுக்கு, அதைத் தயாரிக்கிற கை எதைப் பிசைந்து சாப்பிடுகிறது என்று தெரியாது.

இரண்டு, "வெளியூர்க்காரன் கூட்டம் போடுறான்." சிரிப்புதான் வருகிறது. பேக்கரி என்கிற தொழிலே வெளியூர்க்காரன் தொழில். 1880-ல் தலச்சேரியில் பிஸ்கட் ஃபேக்டரி ஆரம்பித்த மாம்பள்ளி பாபு, பர்மாவில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர் என்பார்கள். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் 'அய்யங்கார் பேக்கரி' போர்டு தொங்குகிறதே, அந்தப் பேரின் மூலம் கர்நாடகத்தின் ஹாசன் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்கப் போன குடும்பங்கள். ஈழத் தமிழர்கள் ரொட்டியைப் 'பாண்' என்கிறார்களே, அது போர்த்துகீசியக் கப்பலில் வந்து இறங்கிய வார்த்தை. கல்லாவில் கேரளத்துச் சேட்டன், ஓவனில் திருநெல்வேலி மாஸ்டர், டேபிள் துடைக்க அஸ்ஸாம் பையன். இதில் யார் உள்ளூர்? பப்ஸுக்குள் இருக்கிற உருளைக்கிழங்கே தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான் சாமி!

மூன்று, "ராத்திரி கடை திறந்து வைத்தால் பிரச்சினை வரும்." இங்கேதான் விஷயம் சீரியஸ் ஆகிறது.

2019-ல் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கிற கடைகளும் நிறுவனங்களும் வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கலாம். 2022-லும் 2025-லும் அதை நீட்டித்தார்கள். நல்ல ஆணைதான். ஆனால் அந்த 'பத்துப் பேர்' என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். ஜங்ஷன் பேக்கரியில் மொத்தம் ஐந்து பேர், மிஞ்சிப் போனால் ஆறு. ஏ.சி. போட்ட பெரிய கடைக்கு விடிய விடிய உரிமை. மூன்றாவது ஷிஃப்டுக்குப் போகிறவனுக்குப் பன்னும் டீயும் கொடுக்கிற சின்னக் கடைக்கு அந்த ஆணையில் இடமில்லை. ரோந்து வண்டி விளக்கு தூரத்தில் தெரிந்ததும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, குனிந்து நின்று டீ கொடுக்க வேண்டியிருக்கிறது. டீ விற்பதற்கு ஏன் ஒரு மனிதன் திருடன் மாதிரி குனிய வேண்டும்? ராத்திரி உற்பத்தி நடக்கலாம், ராத்திரி லாரி ஓடலாம், ராத்திரி பன் மட்டும் விற்கக் கூடாதா?

பன் என்றதும் வரி ஞாபகம் வருகிறது. 2024 செப்டம்பரில் கோவையில் நடந்த கூட்டத்தில், பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று அன்னபூர்ணா சீனிவாசன் நிதியமைச்சரிடம் சொன்னார். பிறகு அவர் வருத்தம் தெரிவித்த வீடியோ வெளியாகி நாடே கொந்தளித்தது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி வகைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது. நல்லதே. ஆனால் அத்தனை நாள் கிரீமைப் பற்றிப் பேசிய நாடு, கிரீம் இல்லாத வெறும் பன்னை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டீயில் நனைத்துத் தின்கிறவனைப் பற்றி ஒரு நாளாவது பேசியதா?

இன்னொரு சட்டமும் உண்டு. கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நாள் முழுக்க நிற்கிறவனின் கால் வலியை ஒரு சட்டம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம். அதே கால் வலி லைனில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு ஜங்ஷனில் இறங்குகிறவனுக்கும் உண்டு. அவன் எங்கே உட்காருவான்? லாரி போக வழி அகலமாகிக்கொண்டே போகிறது, ஆள் உட்கார ஓர் இடம் இல்லை. இந்த ஊரில் காலைத் தொங்கவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பவர் குடைவரைக்குள் இருக்கும் பாடலாத்ரி நரசிம்மர் ஒருவர்தான். மனிதர்களுக்கு பேக்கரி பெஞ்சு.

பேக்கரியைக் கோவிலாக்க வேண்டியதில்லை. அந்த பெஞ்சு ஆம்பளை பெஞ்சு. அதே பஸ்ஸில் இறங்குகிற பெண்கள் பார்சல் வாங்கிக்கொண்டு வேகமாக நடந்துவிடுகிறார்கள், பெஞ்சில் இருக்கிற கண்கள் அப்படி. ஓவன் பக்கத்தில் நிற்கிற பையன் எத்தனை மணி நேரம் நிற்கிறான் என்று கேட்டால் கடைக்காரரும் பேச்சை மாற்றுவார். டேபிள் துடைக்கிறவனுக்கு வயசு என்ன என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. இதற்கெல்லாம் பதில் கடையை மூடுவதில்லை. நல்ல வெளிச்சமும், பொது பெஞ்சும், சட்டப்படி திறந்திருக்கிற கடையும் இருந்தால் பெண்களும் உட்காருவார்கள், கணக்கும் வெளியே வரும். பாதி ஷட்டருக்குப் பின்னால் எந்தச் சட்டமும் நுழையாது.

கேட்பது அதிகமில்லை. ஷிஃப்ட் பஸ் நிற்கிற இடங்களில் கூரையும் இருக்கையும் கட்டுங்கள். தொழிற்பேட்டைச் சாலைகளில் சின்னக் கடைகளுக்கும் இரவு அனுமதி கொடுங்கள். வல்லம் வடகாலில் 2024-ல் பல ஆயிரம் பேர் தங்கும் விடுதி திறந்த அரசுக்கு, ஜங்ஷனில் நாலு பெஞ்சு போடுவது மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. வீட்டு ஓனர்களே, ஒரு இண்டக்ஷன் அடுப்பால் உங்கள் சுவர் இடிந்துவிடாது.

இது எதுவும் நடக்காத வரை, பேக்கரியில் உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்த்து உருப்படமாட்டான் என்று சொல்கிறவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். ஊரில் வாடகை ஏறியது யாரால்? காலி மனை கட்டடமானது யாரால்? அவன் கொடுக்கிற அட்வான்ஸை எண்ணி வாங்கிய கையை நீட்டியேதான் அவன் சாப்பிடுகிற பப்ஸைக் குறை சொல்கிறார்கள்.

டிஸ்கி: சாயங்காலம் நாலு மணிப் பப்ஸுக்கு மூன்று ஐம்பதுக்கே போய் நிற்கவும். நாலரைக்குப் போனால் தட்டில் பொறுக்குதான் இருக்கும்.