பாடநூலின் ஓரம் யாருக்கு?

ஒரு பாடக் கட்டுரையை மாணவர் அனைவரும் இணையத்தில் ஒன்றாகத் திறந்து, வரிகளின் அருகிலேயே ஐயங்களையும் விளக்கங்களையும் எழுதி, ஒருவர் குறிப்புக்கு மற்றொருவர் மறுமொழி தரும் கற்பித்தல் முறை உலகின் பல கல்லூரிகளில் பரவி வருகிறது. 2011இல் தொடங்கப்பட்ட ஹைப்போதிசிஸ், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் உருவாக்கிய பெருசால் ஆகியவை இதற்கான மென்பொருள்கள். வகுப்பில் எழுந்து கேட்கத் தயங்கும் மாணவருக்கு இது ஒரு புதிய வாயில். அந்த வாயில் யாருக்குத் திறக்கும் என்பதே கேள்வி.

1954இல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், 1983இல் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015இல் ஐஐடி, ஐசர் என வளர்ந்த கல்வி நகரம் திருப்பதி. அதன் அருகே, சித்தூர் வட்டாரத்தின் அரசுக் கல்லூரிகளுக்கு வருவோரில் பலர் உழைக்கும் குடும்பங்களின் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். வீட்டில் தெலுங்கு, நகரி, குப்பம் போன்ற எல்லைப் பகுதிகளில் தமிழும் உண்டு. ஆனால் 2021–22 கல்வியாண்டு முதல் பட்டப்படிப்புகள் அனைத்தும் ஆங்கில வழியிலேயே நடக்கும் என ஆந்திர அரசு 2021 ஜூனில் அறிவித்தது. தாய்மொழியில் படித்து வந்த மாணவர், புரியாத பக்கத்தின் முன் தனியே விடப்படுகிறார். தேர்வுக் கையேட்டை மனப்பாடம் செய்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

கூட்டு வாசிப்பின் பயன் இங்குதான் தெரியும். 2025இல் சித்தூர் வட்டாரத்தில் தோத்தாபுரி மாங்காயின் விலை சரிந்து, அரசு கிலோவுக்கு 4 ரூபாய் மானியம் அறிவிக்க நேர்ந்தது. தேவை, வழங்கல் பற்றிய ஆங்கிலப் பாடத்தின் ஓரத்தில், பழக்கூழ் ஆலையின் வாசலில் தந்தை காத்திருந்த கதையை ஒரு விவசாயியின் மகள் தெலுங்கிலோ தமிழிலோ எழுத முடிந்தால், அந்தக் கோட்பாடு வகுப்பு முழுமைக்கும் விளங்கும். விலையைத் தீர்மானிப்பது யார் என்ற, பாடநூல் எழுப்பாத கேள்வியும் எழும்.

ஆனால், மாணவர் எழுதும் குறிப்புகளுக்கு இயந்திரமே மதிப்பெண் இடும் வசதியும் பெருசாலில் உண்டு. ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் அந்த வசதியை மட்டும் புகுத்தினால், மாணவர் சிந்திப்பதற்காக அன்றி மதிப்பெண்ணுக்காகவே எழுதுவர். அவர்களின் ஐயங்கள் தனியார் நிறுவனத்தின் கணினியில் சேரும் தரவாகிவிடும். ரீசார்ஜ் செய்யப் பணமில்லாத மாணவர் குறிப்பு எழுதாதது சோம்பல் என்றே பதிவாகும்.

எனவே, திறந்த மூலநிரல் மென்பொருளைப் பல்கலைக்கழகமே தன் சேவையகத்தில் நடத்த வேண்டும். கல்லூரிகளிலும் விடுதிகளிலும் கணினியும் கட்டணமற்ற இணைய இணைப்பும் வேண்டும். தாய்மொழியில் குறிப்பெழுதும் உரிமை எழுத்து வடிவில் உறுதி செய்யப்பட வேண்டும். அக்குறிப்புகளைப் படித்து மறுமொழி தர நிரந்தர ஆசிரியர்கள் நியமிக்கப்பட வேண்டும். மாணவர், ஆசிரியர் அமைப்புகள் இக்கோரிக்கைகளை இணைந்து முன்னெடுத்தால்தான் பாடநூலின் ஓரம் உழைப்பாளரின் பிள்ளைகளுக்கும் உரியதாகும்.